உழைக்க இயலாத நிலையில் கல்விக்கடன்: தள்ளிவைப்பதா, தீர்த்துக்கொள்வதா?

கல்விக்கடன் வாங்கிப் படித்த ஒருவர் விபத்தாலோ நோயாலோ வேலைக்குப் போக முடியாதவராகிவிட்டால் அந்தக் கடன் என்ன ஆகும் என்று இணையத்தில் தேடுகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் அமெரிக்க விதிகள்தாம். அங்கே மத்திய அரசு தரும் மாணவர் கடனை, கடனாளி முழுமையாகவும் நிரந்தரமாகவும் உழைக்க இயலாதவர் என்று சான்று கிடைத்தால் ரத்து செய்வதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை நீட்டினால் நம் ஊர் வங்கியும் கணக்கை மூடிவிடும் என்று நம்பி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் சில வாரங்கள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். இந்தியாவில் அப்படியொரு பொதுச் சட்டம் இல்லை. இங்கே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டாத சில வழிகள். அவற்றில் எது யாருக்கு, எந்த நேரத்தில் பொருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்றைப் பற்றிக்கொண்டால், மற்றொன்றின் கதவு சாத்தப்பட்டுவிடும்.

இதை நான் என் அக்கா மகனுக்காக அலைந்து கற்றுக்கொண்டேன். பொறியியல் முடித்து, கோவையில் வேலைக்குச் சேர்ந்த ஏழாம் மாதம், திண்டுக்கல் அருகே அவனுடைய இருசக்கர வாகனத்தின் மீது லாரி மோதியது. முதுகுத்தண்டு அடிபட்டு இரண்டு கால்களும் செயலிழந்தன. கடன் 4 லட்சம் ரூபாய். வட்டி 10 சதவீதம். பத்து ஆண்டுத் தவணை மாதம் 5,286 ரூபாய். அவன் மருத்துவமனையில் இருந்தபோதே முதல் தவணைக்கான நாள் வந்துவிட்டது. அத்தான் ஒரு வார்த்தையும் பேசாமல் அக்காவின் சங்கிலியை அடகு வைத்துப் பதினான்கு மாதம் தவணை கட்டினார். எல்லா வழிகளிலும் மோசமான வழி அதுதான் என்பதை இப்போது உறுதியாகச் சொல்வேன். ஈடு இல்லாத ஒரு கடனை அடைக்க, ஈடு வைத்து இன்னொரு கடனை வாங்கினோம். வருமானம் நின்றுபோன வீட்டில், பிசியோதெரபிக்குத் தேவைப்பட்ட பணம் வட்டிக்குப் போயிற்று.

எந்த வழியைத் தேர்வது என்பது இரண்டு கேள்விகளுக்கான பதிலைப் பொறுத்தது. இவர் மறுபடியும் சம்பாதிக்கும் நிலைக்கு வருவாரா, வருவாரென்றால் எப்போது என்பது ஒன்று. கடனுக்கு வீடோ நிலமோ ஈடாக இருக்கிறதா என்பது மற்றொன்று. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் வரை பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும், ஈடு கேட்பதில்லை. ஏழரை லட்சம் வரையிலான கடன்களுக்கு 2015 முதல் மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி பொறுப்பேற்கிறது. அதற்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். உத்தரவாத நிதி பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கடன் வாராமல் போனால் அந்த நிதி வங்கிக்கு 75 சதவீதத்தைக் கொடுத்துவிடும், பிறகு நமக்கென்ன என்று நினைக்கிறார்கள். அந்த உத்தரவாதம் வங்கிக்கானது. கடனாளியின் பொறுப்பில் அதனால் ஒரு ரூபாயும் குறைவதில்லை. அந்தத் தொகையைக் கோருவதற்கு வங்கி சட்ட நடவடிக்கையைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதால், சிறிய கடன்களுக்கும் வழக்கறிஞர் நோட்டீஸ் வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

முதல் கேள்விக்கான பதில் மாற்றுத்திறனாளி சான்றிதழில் கிடைக்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் பல உதவிகளுக்குத் தகுதி உண்டு. ஆனால் அந்தச் சதவீதம் உறுப்பின் குறைபாட்டைச் சொல்லும், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்பதைச் சொல்லாது. கட்டட வேலை பார்ப்பவருக்குக் கால் போவதும் கணினி முன் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்குக் கால் போவதும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றமே 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் விளக்கியிருக்கிறது. ஆகவே சான்றிதழோடு, சிகிச்சை தரும் மருத்துவரிடம் தனியாக ஒரு கடிதமும் வாங்க வேண்டும். இன்ன வேலையை இவரால் செய்ய முடியாது, இத்தனை மாதம் கழித்து மறுபரிசீலனை செய்யலாம் அல்லது முன்னேற்றத்தை எதிர்பார்க்க இயலாது என்று அதில் இருக்க வேண்டும். வங்கி மேலாளர் மேலிடத்துக்கு அனுப்பும் குறிப்பில் ஒட்டக்கூடிய காகிதம் அதுதான்.

எந்த வழியில் போவதானாலும், நமக்கு வரவேண்டிய பணம் எங்கேனும் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். கடன் கொடுக்கும்போதே வங்கி ஒரு காப்பீட்டையும் சேர்த்து, அதன் பிரீமியத்தையும் கடனில் ஏற்றியிருக்கலாம். கடன் அனுமதிக் கடிதத்தில் அந்தத் தொகை தனியாகத் தெரியும். பெரும்பாலான காப்பீடுகள் இறப்புக்கு மட்டுமே பணம் தரும். விபத்தால் வரும் முழு நிரந்தர இயலாமைக்கான கூடுதல் பாதுகாப்பு சேர்க்கப்பட்டிருந்தால் மட்டுமே கடன் அதில் தீரும். எங்கள் கடனில் அது இல்லை.

ஆனால் இன்னொன்று இருந்தது. விபத்து நடந்து எட்டாம் மாதம், மருத்துவமனை ரசீதுகளைத் தேடி அவனுடைய சேமிப்புக் கணக்கின் பாஸ்புக்கைப் புரட்டியபோது, ஜூன் மாதத்துத் தொடக்கத்தில் 20 ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. யாரும் கவனிக்காத தொகை. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தின் ஆண்டு பிரீமியம் அது. 2022க்கு முன்பு 12 ரூபாயாக இருந்தது. பதினெட்டு முதல் எழுபது வயது வரையுள்ளவர்கள் வங்கிக் கணக்கின் வழியாகச் சேரக்கூடிய அந்தத் திட்டத்தில், விபத்தால் இரண்டு கால்களின் பயன்பாடும் போனால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஒரு கண்ணோ ஒரு கையோ ஒரு காலோ என்றால் 1 லட்சம். முப்பது நாளுக்குள் வங்கிக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். அவன் அப்போது தீவிர சிகிச்சையில் இருந்ததற்கான ஆவணங்களை இணைத்துத் தாமதத்துக்கு விளக்கம் எழுதிக் கொடுத்த பிறகே மனுவை ஏற்றார்கள். நோயால் வந்த இயலாமைக்கு இத்திட்டம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வேலையில் இருந்தவர் என்றால் வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தையும் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு வேலை செய்தால்தான் அதில் ஓய்வூதியம் என்பது பொதுவான விதி. பணியில் இருக்கும்போதே முழுமையாகவும் நிரந்தரமாகவும் இயலாதவரானால் ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மாத ஓய்வூதியத்துக்குத் தகுதி உண்டு. சாலை விபத்தாக இருந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய ஆறு மாதமே அவகாசம். எதிர்கால வருமான இழப்பையும் கணக்கிட்டுத் தருவார்கள் என்றாலும் வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். வங்கி அதுவரை காத்திருக்காது. படிப்பின் நடுவிலேயே நோய் வந்து கல்லூரியை விட்டவர்களுக்கு வேறொரு விஷயம்: பெற்றோர் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ளவர்களுக்கு மத்திய அரசு தரும் வட்டி மானியம், படிப்பைப் பாதியில் நிறுத்தினால் கிடைக்காது, மருத்துவக் காரணத்தால் நிறுத்தியதாகக் கல்லூரித் தலைமை ஏற்கும் ஆவணம் இருந்தால் கிடைக்கும். கல்லூரியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கும் நாளிலேயே அந்தக் காகிதத்தையும் வாங்கிவிடுவது நல்லது.

இனி, பலரும் இரண்டில் ஒன்றாக எதிர்கொள்ளும் கேள்விக்கு வருவோம். தவணையைத் தள்ளிவைக்கக் கேட்பதா, ஒரே தொகையில் தீர்க்கக் கேட்பதா?

தள்ளிவைப்பதற்கு இடம் இருக்கிறது. வேலையில்லாத காலங்களைக் கருத்தில் கொண்டு, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை தவணைக்கு விடுப்புத் தரலாம் என்று மாதிரித் திட்டம் சொல்கிறது. திருப்பிச் செலுத்தும் காலத்தைப் பதினைந்து ஆண்டு வரை நீட்டவும் அதில் இடம் உண்டு. இது வங்கியின் விருப்பத்துக்கு உட்பட்டது, நம் உரிமை அல்ல. இதற்கான கடிதத்தைத் தவணை தவறி 90 நாள் ஆவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும்; பிறகு கிளை மேலாளருக்கு மனம் இருந்தாலும் கை கட்டப்பட்டுவிடும்.

தள்ளிவைப்பதால் வரும் செலவையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 4 லட்ச ரூபாய் கடனுக்கு இரண்டு ஆண்டு விடுப்பு வாங்கினால், வட்டி அசலில் சேர்ந்து ஏறக்குறைய 4 லட்சத்து 88 ஆயிரம் ஆகும். அதைப் பதினைந்து ஆண்டுக்கு நீட்டினால் தவணை மாதம் 5,244 ரூபாய். பழைய தவணையைவிட நாற்பது ரூபாய் குறைவு என்று பார்ப்பவருக்குச் சாதகமாகத் தோன்றும். ஆனால் முன்பு பத்து ஆண்டில் கட்டியிருக்கக்கூடிய மொத்தத் தொகை 6 லட்சத்து 34 ஆயிரம். இப்போது கட்டப்போவது 9 லட்சத்து 44 ஆயிரம். திரும்பவும் வேலைக்குப் போகப்போகிறவருக்கு இந்த மூன்று லட்சம் தாங்கக்கூடிய விலை. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், எலும்பு முறிவிலிருந்து தேறி வருபவர், மனநலச் சிகிச்சையில் ஓராண்டு ஓய்வு சொல்லப்பட்டவர், புதிய தொழிலைக் கற்றுக்கொண்டிருப்பவர் ஆகியோருக்குத் தள்ளிவைப்பதே சரி என்பது என் கருத்து. இவர்களுடைய சிபில் பதிவு, அதாவது கடனை எப்படிக் கட்டினார்கள் என்று வங்கிகள் பார்க்கும் பதிவு, பெரிதாகக் கெடாமல் இருக்கும், அடுத்த கடனுக்கும் வழி அடையாது. மீள வாய்ப்பில்லை என்று மருத்துவர் எழுதிவிட்டவருக்கு இது வீண். வராத வருமானத்தை எதிர்பார்த்து வட்டியை ஏற்றிக்கொண்டே போவதாகத்தான் முடியும். அதோடு, விடுப்புக்காகவோ மறுசீரமைப்புக்காகவோ கையெழுத்திடும் ஒவ்வொரு தாளும் கடனை ஒப்புக்கொண்டதாகக் கணக்காகி, வங்கி வழக்குப் போடுவதற்கான மூன்றாண்டுக் காலவரம்பைப் புதிதாகத் தொடங்கி வைக்கும்.

நிரந்தர இயலாமை உள்ளவருக்கு, ஈடு இல்லாத கடனில், சமரசத் தீர்வே பொருத்தமானது. நிலுவையில் ஒரு பகுதியை வங்கி விட்டுக்கொடுக்க, பேசி முடித்த தொகையைக் கட்டிக் கணக்கைத் தீர்ப்பது இது. வங்கிகளில் இதை ஓ.டி.எஸ். என்பார்கள். ஒவ்வொரு வங்கியும் இதற்கு இயக்குநர் குழு ஒப்புதல் பெற்ற கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை சொல்கிறது. ஆகவே எங்களிடம் அப்படி ஒன்றும் இல்லை என்ற பதிலை அப்படியே ஏற்றுக்கொண்டு திரும்ப வேண்டியதில்லை. இதில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. தவணை ஒழுங்காகக் கட்டிவரும் கணக்குக்கு வங்கி தள்ளுபடி தருவது அரிது; கணக்கு வாராக்கடனாகி, நாள் ஆக ஆகத்தான் வங்கி இறங்கி வரும். பதினான்கு மாதம் நகையை வைத்துக் கட்டிய அத்தானைக் காட்டிலும், கட்டாமல் இருந்துவிட்டவருக்கு முன்னதாகவே பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்திருக்கும். இது நியாயமா என்றால் இல்லை.

அந்த இடைக்காலத்தில் கவனிக்க வேண்டியவை சில. தவணை தானாகக் கழியும்படி வங்கிக்குக் கொடுத்த உத்தரவு நடப்பில் இருந்து, கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால், அபராதம் ஏறுவதோடு, காசோலை திரும்புவதைப் போலவே அதற்கும் 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைமைச் சட்டத்தில் குற்றப் பிரிவு உண்டு. கடன் கட்ட முடியாமல் போவது குற்றமல்ல, இது வேறு. ஆகவே கட்ட இயலாத நிலையை எழுத்தில் தெரிவித்து, அந்த உத்தரவை முறைப்படி நிறுத்தக் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிக்கான மாத உதவித்தொகை, கடன் கொடுத்த வங்கியிலேயே உள்ள கணக்குக்கு வந்தால் அதைக் கடனில் வரவு வைத்துவிடும் ஆபத்து இருக்கிறது. வேறு வங்கியில் கணக்குத் தொடங்கி அங்கே மாற்றிக்கொள்வது பாதுகாப்பு. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தி இல்லையென்றாலோ ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம்.

தீர்வுத் தொகையை வங்கியின் மேசையில் பேசுவதைவிட மக்கள் நீதிமன்றத்தில் பேசுவது நல்லது என்பேன். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. வட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கே எழுதப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது, மேல்முறையீடு கிடையாது. அதனால் கிளை மேலாளர் மாறிப்போனாலும் பேசிய தொகை மாறாது. மேல்முறையீடு நமக்கும் இல்லை என்பதால், சொன்ன தேதிக்குள் கட்ட முடியாத தொகைக்கு அங்கே தலையாட்டிவிடக் கூடாது. தீர்வுத் தாளில் கடனாளி, இணைக் கடனாளி இருவரின் பொறுப்பும் முழுமையாகத் தீர்ந்தது என்ற வாசகம் இருக்க வேண்டும். மகன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அப்பாவின் பெயரில் மீதியைக் கேட்ட கதையும் உண்டு.

இந்த வழியின் விலை சிபில் அறிக்கையில் தெரியும். கணக்கு முடிந்தது என்பதற்குப் பதிலாகச் சமரசத்தில் தீர்க்கப்பட்டது என்ற குறிப்பு ஏறும்; குறைந்தது ஏழு ஆண்டு தங்கும். வேலைக்கே போக இயலாதவருக்கு அது பெரிய இழப்பல்ல. ஆனால் இணைக் கடனாளியான அப்பாவின் பெயரிலும் அதே குறிப்பு ஏறும் என்பதால், வீட்டில் கல்லூரிக்குப் போகவேண்டிய தம்பியோ தங்கையோ இருந்தால் யோசிக்க வேண்டும். மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காகக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது என்றாலும், கிளையில் அதை எடுத்துச் சொல்லி வாங்குவதற்குத் தெம்பு வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில், இளையவரின் கடனில் அம்மாவை இணைக் கடனாளியாக்குவதை முன்கூட்டியே யோசித்து வைக்கலாம்.

வீட்டை ஈடாக வைத்து வாங்கிய கடனுக்கு மேலே சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. அங்கே காத்திருப்பது ஆபத்து. வாராக்கடனான பின் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமலேயே வங்கி சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடலாம். எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாளே உண்டு. விவசாய நிலத்துக்கும், மீதி நிலுவை அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்ட கடனுக்கும் இச்சட்டம் பொருந்தாது. மற்றவர்கள், முதல் நோட்டீஸ் வருவதற்கு முன்பே தள்ளிவைப்பைக் கேட்க வேண்டும். மருத்துவர் நம்பிக்கை தரவில்லை என்றால், வங்கியின் சம்மதத்தோடு தாங்களே ஆள் பார்த்து விற்றுவிடுவது ஏலத்தைவிட மேல். சொல்வதற்கு எளிது, இருக்கிற ஒரே வீடு என்றால் செய்வதற்குக் கடினம் என்பது தெரியும். ஆனால் ஏலத்தில் போகும் விலை, நாமே விற்கும் விலைக்குப் பெரும்பாலும் எட்டாது.

கடைசியாக, ஊரில் மஞ்சள் நோட்டீஸ் கொடுப்பது என்று சொல்லும் வழி, அதாவது தன்னைத் திவாலானவராக அறிவிக்கக் கேட்டு நீதிமன்றத்தில் மனுச் செய்வது. புதிய திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கான பகுதி இன்னும் பொதுவாக நடப்புக்கு வராததால், சென்னை நகருக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டமும் மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டமுமே இன்றும் பொருந்துகின்றன. 500 ரூபாய் கடன் இருந்தாலே மனுச் செய்யலாம் என்ற பழைய வரம்பு அதில் அப்படியே நிற்கிறது. கல்விக்கடன் ஒன்று மட்டும் இருப்பவருக்கு இது தேவையற்றது. மகன் திவாலானாலும் அப்பா மீதான கோரிக்கை போகாது. மருத்துவச் செலவுக்காகப் பத்து இடத்தில் வாங்கி, சொத்தும் இல்லாமல், கந்துவட்டிக்காரர்களும் வாசலில் நிற்கும் நிலையில் மட்டும் வழக்கறிஞரைக் கலந்து யோசிக்கலாம்.

எங்கள் கணக்கு தவணை நின்று இரண்டு ஆண்டுக்குப் பிறகு மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தது. நிலுவை நான்கரை லட்சம் என்று எழுதி வந்திருந்தார்கள். மருத்துவரின் கடிதத்தைப் படித்த அமர்வு, வங்கி அலுவலரைத் தலைமை அலுவலகத்துக்குப் பேசச் சொன்னது. 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு, மூன்று தவணையில், இருவர் பொறுப்பும் தீர்ந்தது என்று எழுதினார்கள். காப்பீட்டில் வந்த 2 லட்சத்தை அதுவரை தொடாமல் வைத்திருந்தோம். மீதி நாற்பதாயிரத்தை நாங்கள் சேர்த்துக் கொடுத்தோம். விபத்து இழப்பீட்டு வழக்கு இன்னும் நடக்கிறது. அக்காவின் சங்கிலி இன்னும் அடகில்தான் இருக்கிறது.